சின்னக் கம்ப்யூட்டர் பொட்டியோட வெளித்தோற்றத்தை எப்படி எடை போடறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர் கணபதியில ஒரு தகட்டுப் பட்டறைக்காரர் வீட்டுல பிறந்து வளர்ந்தவன் நான். இப்ப வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கறது தொழில். ப்ராசசர், ராம் பத்திக் கேட்கறதுக்கு நூறு பேர் இருக்காங்க. ஆனா தினமும் கண்ணுல படறதும் கையில தொடறதும் அதையெல்லாம் உள்ள வச்சுப் பூட்டற பொட்டிதான், கடையில கேபினட்னு சொல்வாங்க. அதை எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்க எழுதி வச்சிருக்கேன்.

"சின்னப் பொட்டி"ன்னா எத்தனை சின்னதுங்க?

பொட்டியோட அளவை லிட்டர்ல சொல்றது வழக்கம். நீளம், அகலம், உயரம் மூணையும் மில்லிமீட்டர்ல பெருக்கி பத்து லட்சத்தால வகுத்தா லிட்டர் வந்துரும். நம்ம எல்லார் வீட்டுலயும் 20 லிட்டர் தண்ணி கேன் இருக்கு, அதையே அளவுகோலா வச்சுக்கங்க. வழக்கமான டவர் பொட்டி ரெண்டு கேன், ரெண்டரை கேன் இடத்தை அடைக்கும். ஒரு கேனுக்குள்ள அடங்கறதைத்தான் நான் சின்னப் பொட்டின்னு சொல்றேன்.

இது சாத்தியமானதுக்குக் காரணம் மினி-ஐடிஎக்ஸ்-ங்கற சின்ன மதர்போர்டு. 170 மில்லிமீட்டருக்கு 170 மில்லிமீட்டர், சதுரம். 2001-ல வியா கம்பெனி கொண்டுவந்தது. அதோட எஸ்எஃப்எக்ஸ்-னு ஒரு சின்ன பவர் சப்ளையும் சேர்ந்துட்டா பொட்டி தானா சுருங்கிடுது.

லிட்டர் கணக்குல ஒரு விசயத்தைக் கவனிங்க. கூலர் மாஸ்டர் என்ஆர்200 பொட்டியை 18.25 லிட்டர்னு சொல்றாங்க. அது 360 × 185 × 274 மில்லிமீட்டருக்கான கணக்கு. கால், பின்னாடி நீட்டிட்டு இருக்கற பாகம் எல்லாம் சேர்த்தா 376 × 185 × 292, அதாவது 20.3 லிட்டர். ரெண்டு கணக்கும் சரிதான். ஆனா உங்க மேசை மேல உட்காரப்போறது ரெண்டாவது கணக்கு.

ஆன்லைன்ல படத்தைப் பார்த்து முடிவு பண்ணலாமுங்களா?

படத்தை மட்டும் நம்பி வேண்டாமுங்க. படத்துல வயரே இருக்காது. பக்கத்துல அளவு தெரியற மாதிரி எந்தப் பொருளும் இருக்காது. கேமராவைத் தாழ்த்தி வச்சு எடுத்திருப்பாங்க, அதனால எந்தப் பொட்டியும் கம்பீரமா நிக்கும். மேசை முன்னால நாற்காலியில உட்கார்ந்தா நாம பார்க்கறது மேல்பக்கமும் ஒரு மூலையும்தான்.

வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. மளிகைக் கடையில ஒரு அட்டைப்பெட்டி வாங்கி, பொட்டியோட அளவுக்கே வெட்டி ஒட்டுங்க. வைக்கப்போற இடத்துல ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. பின்னாடி வயருக்கு நாலு விரல்கடை விட்டு வைங்க. ஈரோட்டுல ஒருத்தருக்கு இப்படி வச்சப்பதான் பொட்டி நல்ல அளவு, மேசைதான் சின்னதுன்னு தெரிஞ்சுது. அவர் படுக்க வைக்கற மாதிரி வேற பொட்டி எடுத்தார். எதையும் திருப்பி அனுப்பற வேலை வரல.

கடையில நேர்ல பார்க்கறப்ப முதல்ல எங்க கை வைக்கணும்?

மூலையில. எங்கப்பா பட்டறையில எந்த வேலை முடிஞ்சு வந்தாலும் முதல்ல மூலையைத்தான் தடவுவார். முன்பக்கத்தை யார் வேணும்னாலும் அழகாக்கிடலாம். மூணு தகடு சேர்ற மூலையில வேலை சுத்தமா இருக்கணும்னா வெட்டறவரு, மடிக்கறவரு, பெயின்ட் அடிக்கறவரு மூணு பேரும் கவனமா இருந்திருக்கணும்.

அடுத்து இடைவெளி. பக்கத்தகடு உடம்போட சேர்ற கோட்டைச் சுத்தி ஒரு விசிட்டிங் கார்டை நுழைச்சு இழுத்துட்டே வாங்க. இடைவெளி பெருசா இருந்தாக்கூட பரவாயில்லை, நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். மேல கார்டு சிக்கி, கீழ வழுக்கிட்டுப் போனா உடம்பே கோணி இருக்குன்னு அர்த்தம். பூட்டற ஸ்க்ரூவை இறுக்கி அதைச் சரிபண்ண முடியாது.

அப்புறம் பக்கத்தகட்டோட நடுவுல கட்டைவிரலை வச்சு மெதுவா அழுத்துங்க. "டொக்"னு உள்ள போய் வெளிய வந்தா தகடு மெலிசு. அது ஃபேன் சுத்தறப்ப ரீங்காரம் போடும். நல்ல தகடு லேசா வளைஞ்சு சத்தமில்லாம திரும்பும். நானே ஒரு தடவை படத்தைப் பார்த்து ஒரு பொட்டி வரவழைச்சேன், அழகுக்குக் குறையே இல்லை. ராத்திரி வீடு அடங்கினதுக்கு அப்புறம் ஒரு ஈ சுத்தற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. தேடித் தேடிப் பார்த்தா இடதுபக்கத் தகடு, கையை வச்சா நிக்குது, எடுத்தா கேட்குது. கடைசியில கதவுக்கு ஒட்டற ஃபோம் டேப்பை உள்விளிம்பு முழுக்க ஒட்டித்தான் அடக்கினேன்.

நாலாவது, வெளிச்சம். டிங்கரிங் கடையில கார் கதவைப் பார்க்கறவங்க நேரா நின்னு பார்க்க மாட்டாங்க. டியூப்லைட்டோட பிம்பம் தகட்டுல எப்படி விழுதுன்னு சாஞ்சு பார்ப்பாங்க. கரூர்ல பஸ் பாடி கட்டறவங்களுக்கும் அதே கண்ணுதான். கோடு நேரா விழுந்தா தகடு நேர், நெளிஞ்சா தகடும் நெளிவு. செல்போன் டார்ச்சைத் தகட்டோட ஒட்டி, சாய்வா அடிச்சாலும் போதும். பவுடர் கோட்டிங்கோட (பவுடரா அடிச்சு சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கற பூச்சு) சின்னச் சின்னப் புள்ளி, கொப்புளம் எல்லாம் அப்பத்தான் தெரியும்.

கடைசியா உள்விளிம்பை விரலால ஓட்டுங்க, பதனமா. கூரா இருந்தா அந்தப் பொட்டியைச் செஞ்சவங்க அதைத் திறந்து வேலை செய்யறவனை நினைச்சே பார்க்கலை. விளிம்பை மடிச்சு விட்டிருந்தா அது மரியாதையான வேலை.

இரும்பா, அலுமினியமா?

நிறைய பேர் இரும்புதான் கெட்டின்னு நினைக்கறாங்க. கணக்கு வேற சொல்லுது. ஒரு சதுர மீட்டர் 1 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 7.85 கிலோ. அதே பரப்புக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியம் 5.4 கிலோதான். ஆனா வளையாம நிக்கறதுல அலுமினியம் ரெண்டரை மடங்குக்கும் மேல. ஏன்னா தகட்டோட விறைப்பு தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். தடிமன் ரெண்டானா விறைப்பு எட்டு மடங்கு. ஒரே தடிமன்ல இரும்போட விறைப்புல அலுமினியம் மூணுல ஒரு பங்குதான்னாலும் கடைசியில அதுவே ஜெயிக்குது.

அதனால "இரும்பு"ன்னோ "அலுமினியம்"னோ எழுதியிருக்கறதை மட்டும் பார்த்துட்டு வராதீங்க, எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க. 0.6 மில்லிமீட்டர் இரும்புல பெரிய பக்கத்தகடு போட்டிருந்தா நான் தள்ளி வச்சிருவேன். அதே 0.6 மில்லிமீட்டர்ல வரி வரியா மடிப்பு அடிச்சிருந்தா மறுபடி யோசிப்பேன். ஒரு மடிப்பு விழுந்தா தகடு முதுகு நிமிர்ந்த மாதிரி ஆயிடும்.

முன்னாடி முழுக்கக் கண்ணாடி போட்டது எத்தனை அழகா இருக்கு, அதை வாங்கலாமா?

சித்திரை வைகாசியில வெயில் செய்தி போட்டா கரூர் பரமத்தி பேர் வராம இருக்காது. நம்ம ஊர்ல அந்த மாசத்துல அறைக்குள்ள இருக்கற காத்தே சூடு. அந்தக் காத்துதான் பொட்டிக்குள்ள போய்க் குளிர வைக்கணும். முன்னாடி கண்ணாடியை அடைச்சு, ஓரத்துல மட்டும் ஒரு விரல் சந்து விட்ட பொட்டி குளுகுளு ஏசி அறையில ஓடும். மத்த இடத்துல ஃபேன் கத்தும்.

கண்ணாடி வேணும்னா ஒரு பக்கத்துக்கு மட்டும், காத்து இழுக்காத பக்கமாப் பார்த்து எடுங்க. கிராபிக்ஸ் கார்டு கண்ணாடியைப் பார்த்து ஒட்டி நிக்கற மாதிரி இருந்தா அந்தப் பொட்டியே வேண்டாம்.

2000-ல ஆப்பிள் ஜி4 கியூப்னு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. 20 சென்டிமீட்டருக்குப் பக்கமா ஒரு கனசதுரம், கண்ணாடி மாதிரி அக்ரிலிக் உறைக்குள்ள. ஃபேனே கிடையாது. கீழ குளிர்ந்த காத்து நுழைஞ்சு சூடாகி மேல போற மாதிரி செஞ்சிருந்தாங்க. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதை எடுத்து வச்சிருக்கு, அத்தனை அழகு. ஆனா அக்ரிலிக்குல விழுந்த வார்ப்புக் கோடு விரிசல் மாதிரித் தெரியுதுன்னு வாங்கினவங்க குறைப்பட்டாங்க. மேல இருந்த தொடு பட்டன் கை லேசாப் பட்டாலே வேலை செஞ்சுது. 2001 ஜூலையில தயாரிப்பை நிறுத்திட்டாங்க. வெளித்தோற்றத்தை எடை போடறப்ப எனக்கு அந்தக் கியூப் ஞாபகம் வரும். காத்து போற வழியை வடிவமாவே ஆக்கினது அதோட பெருமை. கையும் கண்ணும் தினமும் படற இடத்துல தோத்தது அதோட குறை.

ஓட்டை நிறைய இருந்தா தூசி நிறைய போகாதுங்களா?

இந்தக் கேள்விக்கு ஊரைப் பொறுத்துத்தான் பதில் சொல்லுவேன்.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். கட்டிங் செக்சனுக்கு அடுத்த அறை. அங்க வச்ச பொட்டியை மூணு மாசம் கழிச்சுத் திறந்தேன். உள்ள இழுக்கற வலை மேல பஞ்சு படிஞ்சு சாம்பல் நிறத்துல கம்பளி மாதிரி ஆயிருந்துச்சு. ஒரு ஓரத்தை நகத்தால பிடிச்சு இழுத்தேன், முழுசா ஒரே துண்டா உரிஞ்சு வந்துச்சு. ஓட்டை வடிவம் அதுல அச்சா விழுந்திருந்துச்சு. அங்க இருந்த அக்கா கேட்டாங்க, "ஏனுங் தம்பி, இதுதாங் மூச்சு முட்டிக் கெடந்துச்சா?" ஆமாங்கக்கா, இதேதான்.

ஆனா பஞ்சு படிஞ்சது வெளியில. உள்ள பெருசா ஒண்ணும் போகல. அதுதான் நல்ல வடிவமைப்புங்கறது. வலை வெளியிலேயே இருக்கணும், கண்ணுக்குத் தெரியணும், ஸ்க்ரூ டிரைவர் இல்லாம கையாலேயே கழட்ட முடியணும். காந்தத்துல ஒட்டற நைலான் வலை எனக்குப் பிடிச்சது. வலையைக் கழட்டப் பொட்டியைக் கவுக்கணும், பின்னாடி நாலு வயரைப் பிடுங்கணும்னா யாரும் கழட்ட மாட்டாங்க.

ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து வேற கதை. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் காத்தாலையை நட்டு வச்சிருக்கறதே அந்தக் காத்துக்குத்தான். அது கொண்டாந்து போடறது மண் தூசி, பஞ்சு மாதிரி சேர்ந்து நிக்காது, சின்ன ஓட்டையிலயும் நுழையும். அந்தப் பக்கம் ஜன்னலோரம் வைக்கறவங்களுக்கு ஓட்டை சின்னதா, வலை ரெண்டு அடுக்கா இருந்தா நல்லது.

ஓட்டையோட அளவைக் கண்ணாலயே கணக்குப் போடலாம். ஓட்டையோட விட்டத்தை, ஒரு ஓட்டையோட நடுவுல இருந்து அடுத்த ஓட்டையோட நடுவு வரைக்கும் இருக்கற தூரத்தால வகுத்து, அதை அதாலயே பெருக்குங்க. தேன்கூடு மாதிரி வரிசை மாத்தி அடிச்சிருந்தா 0.907-ஆல பெருக்கணும், சதுரமா அடிச்சிருந்தா 0.785-ஆல. 2 மில்லிமீட்டர் ஓட்டை 3 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி, தேன்கூடு வரிசையில இருந்தா நூத்துக்கு நாப்பது திறப்பு. சதுர வரிசையில அதே ஓட்டை முப்பத்தஞ்சுதான். வரிசையை மாத்தினதுக்கே இத்தனை வித்தியாசம். நூத்துக்கு முப்பதுக்குக் கீழ போனா அந்த ஓட்டையெல்லாம் அலங்காரத்துக்குத்தான்னு நான் எடுத்துக்குவேன்.

அடியில இருந்து காத்து இழுக்கற பொட்டின்னா காலோட உயரத்தையும் பாருங்க. படுக்கைவாட்டுல கட்டைவிரல் உள்ள போகணும். அப்படியே இருந்தாலும் ஜமக்காளத்து மேலயோ மெத்தை மேலயோ வைக்காதீங்க.

பல்லி, எறும்பு உள்ள போகுமுங்களா?

போகும். வலை ஓட்டை வழியாப் போறதை விட பின்னாடி மூடாம விட்ட, கிராபிக்ஸ் கார்டு மாதிரி கார்டு சொருகற சந்து வழியாத்தான் அதிகம். அந்த மூடித்தகட்டை ஒடிச்சு எடுக்கற மாதிரி செஞ்சிருந்தா ஒருதடவை எடுத்தா போச்சு. ஸ்க்ரூ போட்டுத் திரும்ப மூடற மாதிரி இருக்கறதைப் பார்த்து வாங்குங்க.

பவர் பட்டன், யுஎஸ்பி எல்லாம் எங்க இருந்தா நல்லது?

பொட்டி எங்க நிக்கப்போகுதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் இதைக் கேளுங்க. மேசை மேல வச்சா முன்பக்கம் கீழ இருக்கணும், வயர் மேசையோட படிஞ்சு கிடக்கும். மேசைக்கு அடியில வச்சா மேல இருக்கணும், ஆனா அப்ப அந்த ஓட்டைக்குள்ள தூசி நேரா இறங்கும்.

2024-ல வந்த மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். கையில வச்சுப் பார்த்தா விட மனசு வராது. ஆனா பவர் பட்டனை அடிப்பக்கத்துல, பின்மூலையில வச்சிருக்காங்க. கரண்ட் போகாத ஊர்ல அது பிரச்சினை இல்லாம இருக்கலாம். மாசாமாசம் பராமரிப்புக்குன்னு பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தற நம்ம ஊர்ல பட்டனைத் தொடற வேலை அடிக்கடி வரும். நான் பட்டனை ஒளிச்சு வச்ச வடிவத்துக்கு மார்க் குறைப்பேன்.

பட்டனை ஓரத்துல அழுத்திப் பாருங்க. நடுவுல அழுத்தினா மட்டும் வேலை செய்யறது, ஆடறது, உள்ளயே மாட்டிக்கறது எல்லாம் கடையிலேயே தெரிஞ்சுரும்.

மருந்துக் கடை கவுன்ட்டருக்கு வேணும். எதைப் பார்க்கணும்?

பின்பக்கத்தை. கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கறவருக்கு முன்பக்கம் தெரியும், வர்ற வாடிக்கையாளர் எல்லாருக்கும் பின்பக்கம்தான் தெரியும். அத்தனை படத்துலயும் முன்பக்கத்தையே காட்டறாங்க, நம்ம கடைக்குத் தேவை மறுபக்கம். வயரெல்லாம் ஒரே மூலையில இறங்கி வர்ற மாதிரி இருக்கா, பின்பக்கத்துக்கும் உடம்போட அதே நிறம் அடிச்சிருக்காங்களா, இல்லை வெறும் தகடா விட்டுட்டாங்களான்னு பாருங்க.

வெள்ளையா, கறுப்பா?

கறுப்புல தூசி தெரியும், வெள்ளையில கறை தெரியும். நடுவுல இருக்கற சாம்பல் நிறம், அதுவும் லேசா சொரசொரப்பான பவுடர் கோட்டிங், ரெண்டையும் மறைக்கும். எனக்குப் பிடிச்சதும் அதுதான்.

வெள்ளை எடுக்கறவங்க ஒண்ணு பாருங்க. பக்கத்தகடு இரும்பு, முன்முகம் பிளாஸ்டிக்னா ரெண்டும் இன்னிக்கு ஒரே வெள்ளை. வெயில் படற அறையில ஏபிஎஸ் பிளாஸ்டிக் மஞ்சளாகும், இரும்பு மேல இருக்கற பூச்சு அத்தனை சீக்கிரம் மாறாது. ரெண்டு வருசம் கழிச்சு முகமும் உடம்பும் வேற வேற ஆளாயிடும். விரல் நகத்தால தட்டுங்க, எது தகடு, எது பிளாஸ்டிக்னு சத்தமே சொல்லிரும்.

பொட்டியைத் தொட்டா சுர்ருங்குது. பொட்டி கெட்டுப் போச்சா?

பொட்டி மேல தப்பில்லைங்க. உங்க பிளக் பாயிண்ட்ல எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள்ள மின் இரைச்சலை அடக்க ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், லைன்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணு, ரெண்டும் உடம்போட சேரும். எர்த் இருந்தா அதுல கசியற மின்சாரம் மண்ணுக்குப் போயிரும். எர்த் இல்லைன்னா உடம்பு 230-ல பாதி, 115 வோல்ட் பக்கத்துல நிக்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவு, ஆனா புறங்கை பட்டா தெரியும். டெஸ்டர் வச்சா எரியும்.

பவுடர் கோட்டிங் முழுசா மூடின பொட்டியில இது சட்டுனு தெரியாது. விளிம்பைச் செதுக்கி பளபளன்னு வெறும் அலுமினியமா விட்ட பொட்டியில உடனே தெரியும். அதுக்காக பூச்சு போட்டதை வாங்கித் தப்பிக்க வேண்டாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபண்ணுங்க, மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகறதை விட்டுருங்க.

கலர் லைட்டு வேணுமா?

உங்க இஷ்டம். அணைக்கற பட்டன் வெளியில இருக்கான்னு மட்டும் பாருங்க.

நம்ம ஊர்ப் பட்டறையிலேயே செஞ்சுக்கலாமுங்களா?

தாராளமா. கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் லேசர் கட்டிங், பெண்டிங், பவுடர் கோட்டிங் எல்லாமே கூப்பிடு தூரத்துல. 1 மில்லிமீட்டர் சிஆர் (கோல்டு ரோல்டு) இரும்புத் தகடு போதும். வரைபடத்தைச் சரியாக் கொண்டுபோங்க, வாயால சொல்லாதீங்க.

எல்லாரும் தப்பு பண்ற இடம் பின்பக்கம் போர்டோட சொருகு வாய்கள் வெளிய வர்ற செவ்வக ஓட்டை. அது 158.75 × 44.45 மில்லிமீட்டர். இந்த அளவுக்கே வெட்டிட்டா பவுடர் கோட்டிங் அடிச்சதுக்கு அப்புறம் சுருங்கிடும். பூச்சு ஒரு பக்கத்துக்கு 60-ல இருந்து 80 மைக்ரான் ஏறும், எதிரெதிர் ஓரம் ரெண்டுலயும் சேர்த்தா 0.15 மில்லிமீட்டர் பக்கம் வரும். முதல் பொட்டியில நான் இதை விட்டுட்டேன், போர்டோட வந்த மூடித்தகடு உட்காரவே இல்லை, அரம் போட்டு ராவ வேண்டியதாச்சு. புதுசா அடிச்ச பூச்சை ராவறதுக்கு மனசே வரல. இப்ப வரையறப்பவே பூச்சுக்கு இடம் விட்டுடறேன்.

மடிப்புக்குப் பக்கத்துல ஓட்டை வைக்காதீங்க, மடிக்கறப்ப வட்டம் முட்டை வடிவமாயிடும்.

ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்சா கறை போகாதே, என்ன பண்றது?

வருசா வருசம் பூசை முடிஞ்ச மறுநாள் இந்தக் கேள்வி வந்துரும். சொரசொரப்புப் பூச்சுல மஞ்சள் கலந்த சந்தனம் காய்ஞ்சா குழிக்குள்ள ஏறி நிக்கும். அன்னிக்கு ராத்திரியே ஈரத்துணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு, பொட்டியை அணைச்சு பிளக்கைக் கழட்டிட்டு, துணியை நல்லாப் பிழிஞ்சு துடைங்க. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, பூச்சும் சேர்ந்து வந்துரும். ஓட்டைத் தகட்டு மேல குங்குமம் வைக்காதீங்க, ஃபேன் உள்ள இழுத்துரும்.

எங்கம்மா பொட்டு வைக்கறப்ப நான் முதல்லயே மேல்மூலையில, ஓட்டை இல்லாத இடத்துல ஒரு துண்டு செலோ டேப் ஒட்டி வச்சிருவேன். "இங்க வைங்கம்மா"ன்னா அங்கேயே வச்சுட்டு, பட்டன் மேலயும் ஒண்ணு வச்சுருவாங்க. பட்டன்ல இருக்கறதை நான் துடைக்கறதில்லை.